பன்னிரண்டாவது படம்

"ரெடி!" என்றார் உமாபதி.

முக்குளிப்பான் பறவை முங்கிவிட்டது.

பதினோராவது படமும் போச்சு. வெறும் தண்ணீர்.

ஏரிக்கரையில் சைக்கிளுக்குக் காவல் நின்ற இரண்டு சிறுமிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். கோரைக்குள் இடுப்பளவு தண்ணீரில் அவர் பக்கத்தில் நின்ற மயில்வாகனம் தலையில் அடித்துக்கொண்டான்.

"வாயை மூடிக்கினு எடுக்க மாட்டியாண்ணா?"

"என்னாபா பண்றது? பதினஞ்சு வருசமா பொண்ணு மாப்பிள்ளைங்களுக்குச் சொல்லிச் சொல்லி, வெரலு அமுக்குனா வாயி தானா கத்துது."

ஸ்டுடியோக்காரருக்கு என்ன, சிரிப்பார். தை பிறந்தால் கல்யாணம் மயில்வாகனத்துக்கு. கமலாட்சியின் முகூர்த்தப் புடவையை அவனே நெய்யப்போகிறான். முந்தானையில் அன்னம் வேண்டாம், யாளி வேண்டாம். குஞ்சுகளை முதுகில் சுமந்து நீந்துமே, இந்தக் குட்டிப் பறவை, அதுதான் வேண்டும்.

டிசைன் போடும் முனிசாமி நம்பினால்தானே? "புள்ளையை உப்பு மூட்டை தூக்குற பறவையா? போட்டோவைக் காட்டு, வரையறேன்" என்றுவிட்டார்.

ஃபிலிமில் மிச்சம் ஒரே ஒரு படம்.

கோரை அசைந்தது. பறவை வந்தது. அதன் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து வரிவரியாய் ஒரு குட்டித் தலை எட்டிப்பார்த்தது.

உமாபதியின் வாய் திறந்தது. மயில்வாகனம் மடியிலிருந்த நாலு வெற்றிலையைச் சுருட்டி அதில் திணித்துவிட்டான்.

ஒரு குஞ்சு போதாதா என்று கண்ணாலேயே கேட்டார் அவர். மயில்வாகனம் இரண்டு விரலைக் காட்டினான்.

காத்திருந்தார்கள். முதுகில் வெயில் ஏறியது. காலில் மீன் கடித்தது. ஒருவழியாக இரண்டாவது தலையும் வெளியே வந்தது.

கிளிக்.

"ழெழி" என்றது வெற்றிலை. பறவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மயில்வாகனம் சொட்டச் சொட்டக் கரையேறினான். பெரியவள் ஓடிவந்தாள். "மாட்டிச்சா மாமா?"

"மாட்டிக்கினீங்கம்மா, ரெண்டு பேரும்!"

கமலாட்சியின் பிள்ளைகள். பெற்ற தகப்பன் போனபோது சின்னவள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

அவன் குனிந்ததுதான் தாமதம். ஈர முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டார்கள் இரண்டு பேரும்.

உமாபதி வெற்றிலையைத் துப்பினார். உள்ளே ஃபிலிம் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தும் கேமராவைத் தூக்கினார்.

"ரெடி!"

யாரும் முங்கவில்லை.