பூ ஈயின் கொடுக்கு

எங்கோ ஒரு மழைக்காட்டில், மரக்கிளையைப் பற்றிக்கொண்டு அன்னாசி இனத்துச் செடி ஒன்று பூத்திருந்தது. அதன் இலையிடுக்குகளில் மழைத்தண்ணீர் குட்டிக் கிணறுகளாக நிற்கும். அதில் ஒரு தவளை குடியிருந்தது.

அங்கே தினமும் தேன் குடிக்க ஒரு பூ ஈ வரும். பாவம், அதற்குக் கொடுக்கு கிடையாது. உடம்பில் மட்டும் குளவியைப் போல மஞ்சளும் கறுப்புமாய் வரிகள். அந்த வரிகளை நம்பித்தான் அதன் பிழைப்பே ஓடியது.

"தள்ளு, தள்ளு! நான் குளவி. கொட்டினேன்னா தாங்கமாட்டே!" என்று மிரட்டும்.

"ஐயோ தாயி!" என்று தவளை ஒதுங்கிக்கொள்ளும். ஈக்குப் பெருமை பிடிபடாது.

ஒருநாள் அது வயிறு கொள்ளாத முட்டையோடு வந்த நேரம், நிஜக் குளவி ஒன்று பூவில் வந்து இறங்கியது.

"அய்யய்யோ, குளவி!" என்று அலறிய ஈ, தவளையின் முதுகுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது.

தவளை அசையவே இல்லை. குளவி தேனைக் குடித்துவிட்டுப் பறந்துபோனது.

அப்புறம்தான் ஈக்குத் தான் யாரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. தவளை மெல்லத் திரும்பியது. அந்த அகன்ற வாய் இப்போது ஈயின் முகத்துக்கு நேரே இருந்தது.

"அது மேல பாயத்தான்... இங்க பதுங்கியிருந்தேன்" என்றது ஈ.

"தெரியும் தாயி. நல்லவேளை, அது தப்பிச்சிது" என்றது தவளை. "நீங்க அந்தக் கடைசி இலையில முட்டைய விடுங்க. நான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டேன். உங்க பிள்ளைகளுக்கும் கொடுக்கு இருக்குமே, எனக்குப் பயம்."