பேர் படிக்கும் கண்ணாடி

வருகிறவர் போகிறவர் நெஞ்சையே உற்றுப் பார்த்துக்கொண்டு கம்பெனி கேட்டோரம் நின்றவனை, செக்யூரிட்டி வந்து சட்டையைப் பிடித்துவிட்டான். பெண்களும் வேலை பார்க்கிற இடம். எவனுக்குத்தான் சந்தேகம் வராது?

"யார்ரா நீ? இன்னா, எல்லார் மாரையும் பாத்துக்கினு கீற?"

"பாக்கல சார், படிச்சிக்கினு கீறேன்" என்றான் ஜோஷ்வா. சொன்ன பிறகுதான் அது இன்னும் அசிங்கமாக இருப்பது அவனுக்கே உறைத்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினான். இரண்டு கண்ணும் வெளுத்துப் போயிருந்தன. செக்யூரிட்டி கையை எடுத்துவிட்டான்.

கண்ணாடிக் காம்பில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கேமரா. எதிரே எழுத்து வந்தால் ஒரு பெண்குரல் அதைக் காதுக்குள் படித்துச் சொல்லும். வள்ளூர் சர்ச்சில் யாரோ புண்ணியவான் வாங்கிக் கொடுத்தது. மனிதர்கள் அவனுக்கு வெறும் நிழல்தான். ஆனால் கும்மிடிப்பூண்டியில் கார்டு தொங்காத கழுத்து ஏது? அதில் இருக்கும் பேரைப் படிக்கத்தான் அவன் வந்திருந்தான்.

"ராஜமாணிக்கம்னு பேரு சார். எங்க அப்பா. நான் கைக்கொழந்தையா இருக்கசொல்ல ஊட்ட உட்டுப் போனவரு. இந்த கம்பெனி சட்டையில பாத்ததா எங்க ஊர்க்காரர் ஒருத்தர் சொன்னாரு. நேத்து எங்க அம்மா செத்துட்டாங்க. அவரு கையால ஒரு புடி மண்ணு உழணும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

தான் சேர்ந்தே ஒரு வாரம்தான் ஆகிறது, கான்ட்ராக்ட் ஆட்களின் பேரெல்லாம் யாருக்குத் தெரியும் என்று செக்யூரிட்டி கையை விரித்தான். காலையில் ஆபீசிலும் இதே பதில்தான் கிடைத்திருந்தது.

ஷிப்ட் முடிந்து முதல் ஆளாக வெளியே வந்து, எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு, கழுத்துக் கார்டின் கயிற்றைச் சரிசெய்தபடி எழுந்து வந்தார். தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி செக்யூரிட்டியை அனுப்பிவைத்தார். அவ்வளவு நேரத்தில் அந்த வாசலில் ஜோஷ்வாவுக்காகப் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

கூட்டம் வெளியே வர ஆரம்பித்தது. பெண்குரலுக்கு எதைப் படிப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. லாரிக்குப் பின்னால் 'ஒலி எழுப்பவும்', ஷேர் ஆட்டோவில் நகைக்கடை விளம்பரம், நடுநடுவே பாக்கியராஜ், பார்த்திபன், ரம்யா. பாதிப் பேருக்குக் கார்டு காற்றில் திரும்பிக்கொண்டு முதுகைக் காட்டியது. அப்போதெல்லாம் 'இந்த அட்டை கிடைத்தால் கம்பெனி வாயிலில் ஒப்படைக்கவும்' என்றது குரல். பக்கத்தில் நின்ற பெரியவரைப் பார்த்தபோதும் அதையேதான் சொன்னது. வேதனையிலும் ஜோஷ்வாவுக்குச் சிரிப்பு வந்தது.

இது ஆகிற காரியமில்லை, பேரைச் சொல்லிக் கூவிவிடலாம் என்று அவன் வாயெடுத்தான். பெரியவர் அவன் தோளை அழுத்தினார்.

"கூவாத தம்பி, போலீச இட்டாந்துடுவானுங்க. நீ நில்லு, நான் கேட்டுக்கினு வர்றேன்."

கூட்டத்துக்குள் போனார். கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வந்து, அப்படி யாரும் இல்லையாம் என்றார். மறுபடியும் போனார். மறுபடியும் அதே பதில்.

அக்கா ஏஞ்சலின் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பாஸ்டர் வந்துவிட்டார், இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும், வராத மனுஷனுக்காக இன்னும் எத்தனை நேரம் போட்டு வைப்பது என்று அழுதாள். ஜோஷ்வா போனை வைத்துவிட்டு மறுபடியும் கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"அம்மா ரொம்ப கஸ்டப்பட்டுச்சா?" என்று கேட்டார் பெரியவர்.

"பட்டாங்க. ஆனா அவர ஒரு வார்த்த தப்பா சொன்னது கெடையாது. துபாய்ல கீறாருன்னுதான் ஊரு பூரா சொல்லி வச்சிருந்தாங்க. எனக்கே ரொம்ப நாள் அப்டித்தான் தெரியும்."



கூட்டம் வடிந்தது. குரலுக்குப் படிக்க எதுவும் இல்லாமல் போனது. ஒரே ஒரு பேர். இத்தனை பேரைப் படித்த கண்ணாடி அந்த ஒன்றை மட்டும் படிக்கவே இல்லை. ஜோஷ்வா அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பெரியவர் அவனைக் கைப்பிடித்து அழைத்துப்போய், ஸ்டேஷனுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஏற்றினார். மீஞ்சூர் ரயிலில் பார்த்து ஏற்றிவிடும்படி டிரைவரிடம் இரண்டு முறை சொன்னார். ஜோஷ்வா அவர் பேரைக் கேட்டான். தணிகாசலம் என்றார்.

"என்னிக்காச்சும் எங்கப்பாவப் பாத்தீங்கன்னா சொல்லுங்க. மண்ண நானே போட்டுர்றேன். இனிமே தேடிக்கினு வர மாட்டேன்."

சொல்கிறேன் என்று தலையாட்டினார். அது அவனுக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வருவதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

அது போன திசையைப் பார்த்தபடி அவர் நின்றுகொண்டே இருந்தார். குளித்து உடை மாற்றிக் கடைசியாக வெளியே வந்த ஒரு தொழிலாளி, டிபன் பையை ஆட்டிக்கொண்டு வந்து அவர் தோளில் தட்டினான்.

"இன்னா ராஜமாணிக்கம், ஊட்டுக்குப் போவலியா?"