ஏழு சென்டி

“இது மட்டும் முடிஞ்சிருச்சுன்னா, ஜன்னல் அளக்க ஒரே ஆள் போதும்லா.”

சுகுமாறன் போனில் யாரிடமோ சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. இராஜம்மாவுக்குச் சுருக்கென்றது.

பிரிக்பீல்ட்ஸில் இவர்களுக்கு லங்சீர், அதாவது ஜன்னல் திரைச்சீலை, தைக்கும் கடை. பதினெட்டு வருஷமாக டேப்பின் ஒரு முனை புருஷன் கையில், மறுமுனை இவள் கையில். தீபாவளி நெருங்கினால் வீட்டுக்கு வீடு புது லங்சீர் மாற்றுவார்கள். இருவரும் கிள்ளான், ஸ்ரீ கெம்பாங்கான் என்று வேனில் சுற்றுவார்கள். அவளுக்குத் தீபாவளியே அந்தச் சுற்றல்தான்.

இப்போது என்னடாவென்றால், மனுஷன் மார்ஜரின் டப்பாவுக்குள் லேசர், ஒயர், பேட்டரி என்று திணித்துக்கொண்டிருக்கிறார்.

“ஆமா, உன் முட்டி வலி எப்படி இருக்கு?”

“அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு.”

அப்பட்டமான பொய். வலிக்கிறது என்றால் வீட்டிலேயே உட்கார வைத்துவிடுவாரே.

ஞாயிற்றுக்கிழமை சோதனை. ஜன்னலின் ஒரு ஓரத்தில் டப்பாவை ஒட்டி வைத்துப் பட்டனை அழுத்தினார். எதிர் ஓரத்தில் சிவப்புப் புள்ளி விழுந்தது. டேப்பில் நூற்றெண்பத்திரண்டு வந்த ஜன்னல், டப்பாவில் நூற்றெழுபத்தைந்து. கதவு, அலமாரி, எதை அளந்தாலும் ஏழு சென்டி குறைச்சல்.

அவர் தலையைச் சொறிந்தார்.

இராஜம்மாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஓரத்தில் ஒட்டியிருப்பது டப்பாவின் அடி. ஒளி கிளம்புவது மூடியிலிருந்து. நடுவில் டப்பாவின் உயரம் ஏழு சென்டி. அதைக் கூட்டிக்கொண்டால் தீர்ந்தது.

சொல்வாளா? மூச்சு விடவில்லை.

“இதை நம்பித் துணிய வெட்டினா அம்போதான். டேப்பை எடுங்க, நான் வரேன்.”

“அதுவும் சரிதான்,” என்று அவர் டப்பாவை ஓரங்கட்டினார்.

மூன்று வாரம் முன்சீட்டில் ஜம்மென்று போய்வந்தாள். இந்த வருஷம் பார்த்து எல்லாமே தரை வீடு, இல்லாவிட்டால் லிஃப்ட் வீடு. முட்டி தப்பித்தது. இடையிடையே அவர் நூல் வாங்கப் போவதாகத் தனியே கிளம்புவார். டப்பா விஷயத்தை மறைத்தது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

நேற்று கடைக்கு மாதவி என்ற பெண் வந்தாள், சாலாக் செலாத்தானிலிருந்து.

“ஆன்டி, லங்சீர் அழகா இருக்கு. எங்க ஃபிளாட்ல லிஃப்ட் கிடையாது, நாலாவது மாடி. அங்கிள் தனியா ஏறி வந்து ஒரு மார்ஜரின் டப்பாவ வச்சு அளந்தாரு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ஆனா பாருங்க, ஒரு சென்டி பிசகல.”

அவள் போனதும் இராஜம்மா உள்ளே வந்தாள். அவர் தைத்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஏழு சென்டி... உங்களுக்குத் தெரியுமா?”

“அன்னிக்கே தெரியும். மாடி ஏறுற வீடுன்னா கூட்டிக்குவேன்.”

“மத்த வீட்டுக்கு?”

அவர் தையலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“மத்த வீட்டுக்குத்தான் நீ வரியே.”