பன்னிரண்டு கம்பிகள்

"ஒடைங்க! என் கண்ணு முன்னாலயே ஒடைங்க! உள்ள எத்தனை கம்பி கெடக்குன்னு எண்ணிப் பாத்துருவோம்!"

மொக்கைச்சாமியின் கூச்சல், நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியின் புதுக் கட்டடத்தில் மோதித் திரும்பியது. வாசலுக்கு மேலே தூணின்றி நீண்டிருந்த கான்கிரீட் கூரை, முட்டுகளைப் பிரித்த மூன்றாம் நாளே இடிந்து விழுந்துவிட்டது. அதன் நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து அமர்ந்திருந்த சித்தாள் வெள்ளைத்தாய் பிறகு எழவேயில்லை. அவள் மொக்கைச்சாமியின் மனைவி.

"ஏலே, பொண்டாட்டியப் பறிகொடுத்தவனாச்சேன்னு பொறுத்துக்கிட்டிருக்கேன்" என்றார் காண்டிராக்டர் லட்சுமிகாந்தம்.

"பொறுக்க வேண்டாம் மொதலாளி. பன்னெண்டு கம்பி என் கையால கட்டுனேன். கான்கிரீட் போட்ட அன்னைக்குக் கம்பி லோடு ஏத்த என்னைய சாத்தூருக்கு அனுப்பிட்டு, பாதியை உருவிட்டீக! கம்பிக்குத்தான் பெர்மிட்டும் கிராக்கியுமா இருக்கே, வெளிய வித்தா ரெட்டை வெலையாச்சே. கம்பி குத்துன காலோட கலவைச்சட்டி சுமந்தாளே, அவளைக் கொன்னுட்டீகளே!"

கம்பெனி அழைத்து வந்திருந்த ஓவர்சியர் வேலுச்சாமி தலையசைத்தார். சம்மட்டிகள் இறங்கின. கான்கிரீட் உதிர உதிர மொக்கைச்சாமி உரக்க எண்ணினான். ஒன்பதுக்குமேல் அவன் குரல் தாழ்ந்தது.

பன்னிரண்டும் இருந்தன.

"எண்ணிட்டியாலே? இப்பச் சொல்லு, யாரு திருடன்?" லட்சுமிகாந்தம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

ஓவர்சியர் மட்டும் உடைத்த இடத்தருகே குந்திக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணிக்கை சரிதான். ஆனா, இப்படி நீட்டிக்கிட்டிருக்கிற கூரைக்கு மேல்பக்கத்துக் கம்பிதான் பிடிமானம். இது அடியிலல்லவா ஒட்டிக் கெடக்கு?"

"மேலதான்யா கட்டுனேன்! இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியம்!"

"நீ கட்டுனதைக் கொறை சொல்லலப்பா. சுவரோரமா, சரியா ஒரு பலகை அகலத்துக்குக் கம்பி அம்புட்டும் அமுங்கியிருக்கு பாரு. கம்பி மேல பலகையைப் போட்டு, கலவைச்சட்டியோட நடந்திருக்காக. பலகை போட்டது யாரு?"

"எவம்லே அது?" லட்சுமிகாந்தம் உறுமினார்.

கூடி நின்ற சித்தாள்கள் தலைகுனிந்தனர்.

மொக்கைச்சாமி சம்மட்டியின் அருகே மெல்ல உட்கார்ந்தான். அன்று காலை, சாத்தூருக்குப் புறப்படும் அவசரத்திலும், வெள்ளைத்தாயின் வெறுங்காலில் இனியும் கம்பி குத்தக் கூடாதென்று அந்தப் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனவன் அவன்தான்.