நீலத்தின் மேல் சிவப்பு

களப்பயணம் போகிற வழியைப் பெரிய டீச்சர் மாற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் சின்ன டீச்சருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

பின்னே? லீவு நாளையெல்லாம் இதற்காகத் தொலைத்தவள் அவள்.

ஊர் நிலம் எப்படி மாறியிருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே நடந்து பார்த்து வரைய வேண்டும். பழைய வரைபடத்தில் ஏரிக்கு நீலம், வயலுக்குப் பச்சை. அதன்மேல் டிரேசிங் தாளை வைத்து, இன்றைக்கு எங்கே கட்டடம் நிற்கிறதோ அங்கே சிவப்புக் கோடு. மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய ஏரி இருந்த இடத்தில் இப்போது தகரக் கூரை வீடுகள். நீலத்தின் மேல் சிவப்பு பளிச்சென்று விழும். அதற்காகவே அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, பெரிதாக்கி, நகல் போட்டு வைத்திருந்தாள்.

வகுப்பில் ஒத்திகையும் ஜோராக நடந்தது. "அப்போ ஏரியைத் திருடினது யாரு, டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். "தகரக் கூரைக்காரங்க" என்று அவனே பதிலும் சொன்னான். வகுப்பு சிரித்தது. சின்ன டீச்சரும் சிரித்துவிட்டாள்.

ஒரே ஒரு குறை. வகுப்பிலேயே அழகாக வரைகிற பெண், 'பென்சில்' என்று எல்லோரும் கூப்பிடுகிறவள், மறுநாள் வந்து, பயணத்துக்குத் தான் வரவில்லை என்றாள். வயிற்றுவலியாம். அடுத்த வாரம் வரப்போகிற வயிற்றுவலியை இந்த வாரமே சொல்கிற கெட்டிக்காரி. அவள் இல்லாவிட்டால் படம் கோணல்மாணலாகத்தான் வரும், கண்காட்சிக்கு அனுப்ப முடியாது.

சின்ன டீச்சர் பெரிய டீச்சரிடம் போய் முறையிட்டாள். அவர் ஒத்திகையில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை வழி மாறியிருந்தது. இனி பயணம் பெரிய டீச்சர் குடியிருக்கும் தெருவிலிருந்துதான் தொடங்குமாம்.

ஆசிரியர் அறையில் கேலிக்குக் கேட்கவா வேண்டும். முட்டிவலிக்காரப் பெரிய டீச்சர் தன் வீட்டு வாசலிலேயே பாடத்தை முடித்துவிடுவார், மத்தியானம் ஒரு குட்டித் தூக்கமும் போடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

சின்ன டீச்சர் நேராகவே போய்க் கேட்டாள்.

"அங்க என்ன டீச்சர் மாறியிருக்கு? எல்லாம் காம்பவுண்டு சுவர் வச்ச வீடுங்க."

"போய்ப் பார்ப்போமே."

"உங்க வீடு அங்க இருக்குன்னுதானே இந்த ஏற்பாடு?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரிய டீச்சர் கோபப்படவில்லை.

"ஆமாம்மா. அதுக்காகத்தான்" என்றார்.

சின்ன டீச்சர் மனதுக்குள் கருவிக்கொண்டே வந்துவிட்டாள்.

பயணத்தன்று பென்சிலும் வந்திருந்தாள். பெரிய டீச்சரே போய்க் கூப்பிட்டாராம். ஆனால் கூட்டத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நின்றாள்.

பெரிய டீச்சர் தன் வீட்டு கேட்டைத் திறந்து, முட்டியைப் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்தார். பையிலிருந்து பழைய வரைபடத்தை எடுத்து விரித்தார். வெட்டாத, முழு வரைபடம்.

பிள்ளைகள் டிரேசிங் தாளை வைத்து, தெருவைத் தேடிப் பிடித்தார்கள். திருட்டுக் கேள்வி கேட்ட பையன்தான் முதலில் தலை நிமிர்ந்தான்.

"இங்கயும் நீலமா இருக்கு, டீச்சர்."

"என் வீடு எங்க வருதுன்னு பாரு."

அவன் பார்த்தான். சொல்லத் தயங்கினான். "ஏரிக்கு நடுவுல."

"அப்போ கோடு போடு. மனை வாங்கறப்போ எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகு போக வேற இடம் இல்லை. திருடினவங்க பேரை எழுதறதா இருந்தா என் பேரை முதல்ல எழுது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சின்ன டீச்சருக்கு முகம் சுண்டிவிட்டது. நகல் போடும்போது மார்க்கெட் ரோட்டோடு ஏரியைக் கத்தரித்து நிறுத்தியது அவள் கைதான். நல்ல வீடுகள் இருக்கும் பக்கத்தில் ஏரி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பையனுக்குக் கை வரவில்லை. பின்னாலிருந்து பென்சில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவனிடமிருந்து சிவப்பை வாங்கி, பெரிய டீச்சரின் வீட்டின் மேல் நேராக ஒரு கோடு போட்டாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அடுத்தது எங்க வீட்டுக்குப் போகலாமா, டீச்சர்? தகரக் கூரைதான். அங்கயும் நானே கோடு போடறேன்."