பக்கத்து லாரி

“அவன் வண்டிக்கு இருபது நிமிஷம், என் வண்டிக்கு ஒரு மணி நேரம். இது என்னாம்மா நியாயம்?”

காத்தவராயன் போட்ட சத்தத்தில், மேட்டுப்பாளையம் சார்ஜிங் ஸ்டேஷனுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே சார்ஜர்தான் சார்,” என்றாள் ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்ளும் சரிதா.

“ஒரே சார்ஜர்னா ஒரே நேரத்துல முடியணுமில்ல? முப்பது வருஷம் டீசல் போட்டவன் நான். பம்புல ரெண்டு குழாய் இருந்தா, ரெண்டுலயும் ஒரே வேகத்துலதான் ஊத்தும்.”

சரிதா திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அதில் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மூட்டை தூக்கி, கிளீனராகி, டிரைவராகி, பேரம் பேசிப் பேசியே சொந்த லாரி கண்டவர் காத்தவராயன். டீசல் வண்டிகளை விற்றுவிட்டு இந்த மின்சார லாரியை வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. இங்கே சார்ஜ் போட்டுக்கொண்டு, பக்கத்துச் சேதராப்பட்டில் லோடு ஏற்றி, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்குத் தினமும் கொண்டுபோக வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை தாமதம். மூன்றாவது தடவை என்றால் ஒப்பந்தமே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கவலைகூடப் பரவாயில்லை. பக்கத்து லாரி சவரிராயனைப் பார்த்தால்தான் அவருக்கு வயிறு எரியும்.

இரண்டு பேரும் காலை ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள். சவரிராயன் இறங்கும்போதே சரிதாவுக்கு ‘போன்ழூர்’ என்று ஒரு பிரெஞ்சு வணக்கம் வைப்பார். அவளும் சிரித்துக்கொண்டே “போன்ழூர்ண்ணே” என்பாள். காத்தவராயனுக்கு “வாங்க சார்”தான். சவரிராயன் லாரி குளிப்பாட்டின மாதிரி பளபளவென்று இருக்கும். ஒன்பது இருபதுக்கு, சார்ஜ் ஏற்றும் ‘கன்’னைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, காத்தவராயனைப் பார்த்துக் கையசைத்துவிட்டு வேறு போவார்.

‘கையை வேற ஆட்டுறான் பாரு.’ அந்த எரிச்சலோடு டீக்கடைக்குப் போகிற காத்தவராயன், அரை மணி கழித்துத்தான் தன் வண்டிப் பக்கம் வருவார்.

போன வாரம் சண்டை போட்டு, சவரிராயன் நிற்கும் பக்கத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். அப்போதும் சவரிராயன்தான் முதலில் கிளம்பினார்.

“நீயும் அரியாங்குப்பம், அவனும் அரியாங்குப்பம். எனக்குத் தெரியாதா? ஊர்க்காரனுக்கு வேகமா திறந்துவிடுற, முத்தியால்பேட்டைக்காரன் எனக்குச் சொட்டு சொட்டா விடுற,” என்று இப்போது சரிதாவிடம் எகிறியவர், அங்கேயே நின்று ஸ்டேஷன் முதலாளி சுப்பிரமணியனுக்குப் போன் போட்டார்.

“நாளையிலேர்ந்து ரெண்டு வண்டிக்கும் ஒரே மாதிரி ஏறணும். ரெண்டும் ஒண்ணாத்தான் கழட்டணும். இல்லன்னா இங்க நடக்கிறதை நாலு பேருக்குச் சொல்லுவேன்.”

முதலாளி எதற்கு வம்பு என்று சரி சொல்லிவிட்டார்.

மறுநாள் ஒன்பது மணி. சரிதா சவரிராயனிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டு கன்னைச் சொருகினார்.

ஒன்பது இருபது ஆயிற்று. சவரிராயன் கிளம்பவில்லை. காத்தவராயனுக்குக் குளுகுளுவென்று இருந்தது. இன்றைக்கு டீயும் இனித்தது.

ஒன்பதே முக்காலுக்குத் திரும்பி வந்து தன் பக்கத்துத் திரையைப் பார்த்தார். ஐம்பத்தைந்து பர்சென்ட். தினமும் இந்நேரம் எழுபதைத் தாண்டியிருக்கும்.

“என்னாம்மா இது? பத்து மணிக்கு மேல கிளம்புனா நான் கேட்டைப் பிடிக்க முடியாது. வேணும்னே கரண்டைக் குறைச்சிட்டியா?”

“நான் குறைக்கல சார். பெட்டி ஒண்ணு, கன் ரெண்டு. மொத்தமே இருநூத்தி நாப்பது கிலோவாட்தான். ரெண்டு வண்டி நின்னா நூத்தி இருபது, நூத்தி இருபதுன்னு பிரிஞ்சிடும். நீங்க கேட்ட மாதிரிதான் இன்னைக்கு ரெண்டும் ஒண்ணா ஏறுது.”

“அப்போ இத்தனை நாளா?”

“அண்ணன் இருபது நிமிஷத்துல கழட்டிக்குவாரு. மீதி நேரம் முழுக் கரண்டும் உங்களுக்கு.”

காத்தவராயனின் குரல் இறங்கியது. “அதுக்குள்ள அவன் வண்டி ஃபுல் ஆயிடுமா?”

“ஒரு நாளும் நாப்பது பர்சென்ட்டைத் தாண்டினதில்ல சார். திண்டிவனத்துல போய் வரிசையில நின்னு மீதியை ஏத்திக்குவாரு. அவரு கொண்டுபோறது காலி பாட்டில், எப்ப போனாலும் இறக்கிக்குவாங்க. உங்களுக்குத்தான் ரெண்டு மணி கேட்டு.”

“அது அவனுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க போன்ல பேசுறது எல்லையில இருக்கிற கனகசெட்டிக்குளம் வரைக்கும் கேக்குமே சார்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லக் கூடாதுன்னுட்டாரு. ‘தெரிஞ்சா அந்தாளு ரோஷத்துல தன்னோட கன்னைப் பிடுங்கிப் போட்டுட்டுக் கிளம்பிடுவான், பொழப்பு போயிடும்’னாரு.”

காத்தவராயன் பக்கத்து லாரியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே லாரி இல்லை. சவரிராயனின் கன் கொக்கியில் மாட்டியிருந்தது. மின்சார வண்டி என்பதால் கிளம்பிப் போன சத்தம்கூடக் கேட்கவில்லை.

இந்தப் பக்கத் திரையில் நூற்றிருபது மறைந்து, இருநூற்று நாற்பது என்று வந்தது.