ஆறு மணிக் கெட்டிமேளம்

படியில் செருப்புச் சத்தம் கேட்டதும், சாமியப்பன் கையிலிருந்த இரும்புக் கட்டையைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். போர்வையை இழுத்து மேலே போட்டு மூடினார்.

மேசையில் இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது. எப்போதோ வெயிலில் கிடந்ததில் அதன் ஓரம் அப்பளம் மாதிரி மேலே எழும்பியிருந்தது. கல்யாண நாதஸ்வரத் தட்டு. ஒவ்வொரு சுற்றிலும் முள் துள்ளி அதே இடத்தில் விழ, கெட்டிமேளம் முடியாமல் திரும்பத் திரும்ப முழங்கியது.

“ஏனுங்கய்யா, தெனமும் ஆறு மணிக்கு எத்தனை தாலிங்க கட்டுவீங்க?”

கேட்டுக்கொண்டே வந்தான் கீழ்வீட்டு வேல்குமார். டையிங் பட்டறையில் நைட் ஷிப்ட் பார்ப்பவன். “எட்டு மணிக்கு வேலைக்குப் போறவன் கொஞ்ச நேரம் படுக்கலாம்னா, கீழ கட்டிலே ஆடுதுங்க.”

“மாப்பிள்ளைக்கு முடிச்சுப் போடத் தெரியலீங்க தம்பி. நான் என்ன பண்ணட்டும்?” என்றார் சாமியப்பன். “உக்காருங்க.”

நாற்காலி முன்பே இழுத்துப் போடப்பட்டிருந்தது. இரண்டு டம்ளரில் டீ ஊற்றி மூடி வைத்திருந்தது.

சாமியப்பன் முப்பது வருடம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கிய துணி விலகாமலிருக்க, மேலே இரும்புக் கட்டை வைத்து வெட்டியவர். அப்படியொரு வட்டக் கட்டையின் நடுவில் துளை போட்டு இந்தத் தட்டின் மேல் வைத்திருந்தார். தட்டு படிந்து, பாட்டு ஒழுங்காகத்தான் ஓடியது.

ஒரு நாள் கட்டையை வைக்க மறந்துபோனார். அன்றுதான் வேல்குமார் முதன்முதலாகப் படியேறி வந்து சண்டை போட்டான். சண்டை முடிந்து டீ குடித்துவிட்டுப் போனான். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் இரண்டாவது டம்ளரைக் கழுவியது அன்றைக்குத்தான்.

மறுநாளிலிருந்து ஆறு மணியானால் கட்டை தலையணைக்கு அடியில் போய்விடும்.

முழங்கால் மடங்காமல் அவர் கீழே இறங்கி மூன்று மாதமாகிறது. பாலும் மெஸ் சாப்பாடும் கயிறு கட்டிய கூடையில் மேலே வரும். மகள் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவாள். மற்ற நாட்களுக்கு வேல்குமார்தான்.

அவன் ஹெல்மெட்டை வாசலோரம் வைத்துவிட்டு, நனைந்த சட்டைக் கையைப் பிழிந்தபடி உள்ளே வந்தான். சாமியப்பன் அதையெல்லாம் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த காகிதப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரித்தான். உள்ளே திருகு வைத்த ஒரு பித்தளைப் பிடி.

“லேத்துல சொல்லிப் பண்ணுனதுங்க. நடுக்கம்பியில மாட்டித் திருகிட்டா தட்டு அசையாது. இப்படியே துள்ளிட்டிருந்தா முள்ளும் போயிரும், தட்டும் போயிருமுங்க.”

சாமியப்பன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அதெல்லாம் எதுக்குங்க தம்பி? பழைய தட்டு. போனாப் போகட்டும்.”

“அட, இருங்க.”

திருகினான். வளைந்த ஓரம் அடங்கிப் படிந்தது. கெட்டிமேளம் ஒரே ஒரு முறை முழங்கிவிட்டு நகர்ந்தது. நாதஸ்வரம் கடைசிவரை ஓடி நின்றபோது, வீட்டில் வேறு சத்தமே இல்லை.

“தாலி கட்டியாச்சுங்க,” என்றான் வேல்குமார். அவன் முகத்திலும் சிரிப்பில்லை.

“இனி நீங்க நல்லாத் தூங்கலாமுங்க.” சாமியப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னார். “மேல வர்ற வேலையே இருக்காது.”

வேல்குமார் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். அவன் வாசலை நெருங்கும்வரைதான் அவரால் பொறுக்க முடிந்தது. தலையணையைத் தூக்கிக் கட்டையை எடுத்து நீட்டினார்.

“இதுவும் அந்த வேலையைத்தானுங்க செய்யும். எப்பவோ எங்கிட்ட இருக்குது. நீங்க வரோணும்னுதான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். இத்தனை நாளா உங்க தூக்கத்தைக் கெடுத்துப்போட்டேன். திட்டறதுன்னா திட்டிப்போட்டுப் போங்க தம்பி.”

வேல்குமார் கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நடுத் துளைக்குள் விரலை விட்டான்.

பிறகு வாசலோரம் இருந்த ஹெல்மெட்டை எடுத்து, அதிலிருந்த மழைத்தண்ணீரை வெளியே உதறினான். அதை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, பழையபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

“கீழ் ஊட்டைக் காலி பண்ணிட்டு நான் அருள்புரத்துக்குக் குடிபோயி ஒரு மாசமாச்சுங்கய்யா.”